பேசிய தொகையும் கேட்கும் தொகையும்: கட்டட, பழுதுநீக்கப் பணிகளில் நுகர்வோரின் உரிமை

கடையில் விற்கப்படும் பொட்டலத்தின் மேல் அதிகபட்சச் சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் விதி. அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் விற்றவர் பதில் சொல்ல வேண்டியவராகிறார். குளியலறைச் சுவரில் ஏறிய ஓதத்தைச் சரிசெய்யும் கொத்தனாருக்கும், கருகிப்போன ஒயரிங்கை மாற்றும் எலக்ட்ரீஷியனுக்கும், அடைத்துக்கொண்ட குழாயைத் திறந்துவிடும் பிளம்பருக்கும் அப்படி அச்சிட்ட விலை எதுவும் இல்லை. சுவரை உடைத்துப் பார்க்கும்வரை வேலையின் அளவு தெரிவதில்லை. சாமான்களின் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. ஊருக்கும் ஆளுக்கும் அவசரத்துக்கும் ஏற்பக் கூலியும் மாறுகிறது. வேலையைக் கொடுப்பவர் அந்தத் தொழிலை அறியாதவர் என்பதால், கேட்கப்படும் தொகை நியாயமானதா என்பதை அவரால் வேலைக்கு முன்பும் அளந்து பார்க்க முடிவதில்லை, வேலை முடிந்த பின்பும் முடிவதில்லை. கட்டணத் தகராறுகள் பெரும்பாலும் இந்த அறிவு இடைவெளியிலிருந்தே முளைக்கின்றன.

இந்த இடைவெளியைச் சட்டம் எவ்வளவு தூரம் நிரப்புகிறது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. சட்டம் கூலியை நிர்ணயிப்பதில்லை. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டதையே அது காக்கிறது. ஆகவே, பில் கைக்கு வந்த நாளில் நுகர்வோருக்கு இருக்கும் உரிமையின் பெரும்பகுதி, வேலை தொடங்குவதற்கு முன் என்ன பேசப்பட்டது, அது எங்கே பதிவானது என்பதைப் பொறுத்தே அமைந்துவிடுகிறது. நம் சட்டத்தில் இன்னும் நிரப்பப்படாத குறையும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

எது சேவை, யார் நுகர்வோர்

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெரும்பாலான விதிகள் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளன. அதன் பிரிவு 2(42), பயன்படுத்த வாய்ப்புள்ளவர்களுக்குக் கிடைக்கும்படி செய்யப்படும் எந்த வகைச் சேவையையும் 'சேவை' என்கிறது; இலவசமாகச் செய்யப்படுவதையும், தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தின்கீழ் செய்யப்படுவதையும் மட்டும் விலக்குகிறது. வீடு கட்டித் தருவது இப்பட்டியலில் 1993-ஆம் ஆண்டின் திருத்தத்தால் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அத்திருத்தம் இல்லாவிட்டாலும் வீட்டுக் கட்டுமானம் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பளித்தது. அரசு அமைப்பே கட்டித் தந்தாலும் அதன் குறைகளுக்கு நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று நிறுவிய அத்தீர்ப்பு, கட்டட வேலை சார்ந்த எல்லா வழக்குகளுக்கும் அடித்தளமாக நிற்கிறது.

'நுகர்வோர்' என்பவர் முழுப் பணத்தையும் கொடுத்து முடித்தவராக இருக்க வேண்டியதில்லை. பணம் தருவதாக வாக்களித்தவரும், பாதி கொடுத்து மீதியை நிறுத்தி வைத்திருப்பவரும் நுகர்வோரே. வெளியூரிலிருக்கும் மகன் பணம் அனுப்பிப் பெற்றோரின் வீட்டுக்குக் குழாய் வேலை செய்யச் சொன்னால், அவரது ஒப்புதலோடு சேவையின் பயனைப் பெறும் பெற்றோரும் புகார் தரலாம். வணிக நோக்கத்துக்காகப் பெறப்படும் சேவை மட்டும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது.

நாள் கூலியும் குத்தகையும்

தனிப்பட்ட பணி ஒப்பந்தத்துக்குத் தரப்பட்டிருக்கும் விலக்கு, தமிழ்நாட்டு வழக்கத்தோடு பொருத்திப் பார்க்கும்போது பெரிய விளைவு உடையது. இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்விலக்கை விளக்கியபோது, எசமானருக்குக் கீழ்ப்பட்டு, அவர் சொல்லும் வேலையை அவர் சொல்லும் முறையில் செய்யும் பணியாளரின் உறவையும், தன் திறமையைத் தானே பயன்படுத்தி ஒரு வேலையை முடித்துத் தரும் தொழில்வல்லாரின் உறவையும் வேறுபடுத்திக் காட்டியது. முன்னது நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே, பின்னது உள்ளே.

நம் ஊர்களில் கட்டட வேலை மூன்று விதமாகப் பேசப்படுகிறது. கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று நாள் கூலிக்குப் பேசுவது ஒன்று. சாமான்களை வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் சதுர அடிக் கணக்கில் லேபர் கான்ட்ராக்ட் பேசுவது இன்னொன்று. சாமானும் கூலியும் சேர்த்து மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ மொத்தமாக ஒப்படைப்பது மற்றொன்று. பின்னிரண்டும் சேவை ஒப்பந்தங்கள் என்பதில் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. நாள் கூலி முறையிலோ, வீட்டுக்காரரே நின்று மேற்பார்வை பார்த்து, எந்தச் சுவரை எப்போது பூச வேண்டும் என்றும் அவரே சொல்லும்போது, வேலை செய்பவர் சுயேச்சையாகத் தொழில் செய்பவரா, அன்றன்றைக்குப் பணியமர்த்தப்பட்டவரா என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. சிக்கனம் கருதி நாள் கூலியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், தன்னை அறியாமலே நுகர்வோர் ஆணையத்தின் வாசலிலிருந்து விலகி நிற்க நேரலாம். வேலை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே சட்டப் பாதுகாப்பின் அளவும் தேர்வாகிறது என்பது பலரும் உணராத செய்தி.

அதிகக் கட்டணம் என்றால் என்ன

வழக்கமான பேச்சில் 'அதிகமாக வாங்கிவிட்டார்' என்பது மனக்குறை. சட்டத்தில் அது நான்கு அளவுகோல்களால் அளக்கப்படுகிறது. சட்டத்தால் நிர்ணயிக்கப்பட்ட விலை, பொருளின் மேலோ உறையின் மேலோ காட்டப்பட்ட விலை, சேவை தருபவர் வைத்திருக்கும் கட்டணப் பட்டியலில் உள்ள விலை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விலை ஆகியவற்றுள் ஒன்றைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தால் அது புகாருக்கு உரியது என்று பிரிவு 2(6) சொல்கிறது. கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் முதலிரண்டும் பொருந்துவது அரிது. மூன்றாவது நிறுவனங்களின் சேவை மையங்களுக்கும் செயலிகளுக்கும் பொருந்தும். தனியாகத் தொழில் செய்பவர்களைப் பொறுத்தவரை நான்காவது ஒன்றுதான் மிஞ்சுகிறது. பக்கத்து வீட்டில் இதே வேலைக்குப் பாதித் தொகைதான் ஆனது என்பது மட்டுமே வழக்காகாது. பேசியது இவ்வளவு, வாங்கியது இவ்வளவு என்று காட்ட முடிந்தால்தான் புகாருக்கு உயிர் வருகிறது.

தொகை அதிகம் என்பதற்கும் தொகையின் பின்னே பொய் இருக்கிறது என்பதற்கும் வேறுபாடு உண்டு. மாற்றாத உதிரிப் பாகத்தை மாற்றியதாகப் பில் போடுவதும், தேவையில்லாத பழுதை இருப்பதாகச் சொல்லி வேலை வாங்குவதும், பேசிய தரத்துக்குக் கீழான கம்பியையோ பெயிண்டையோ பயன்படுத்துவதும் வெறும் கட்டணத் தகராறுகள் அல்ல. அவை சேவைக் குறைபாடு அல்லது நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற வகையில் அடங்கும். சேவைக் குறைபாட்டை வரையறுக்கும் பிரிவு 2(11), நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் குறைபாடாகச் சேர்த்திருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான விரிவாக்கம். செலவு கூடப்போகிறது என்று நடுவிலேயே தெரிந்திருந்தும் சொல்லாமல், வேலை முடிந்த பிறகு மொத்தமாகக் கேட்பவரை இந்த வரையறைக்குள் கொண்டுவர இடமிருக்கிறது.

சேவைக்கு உரிய பில்லோ ரசீதோ தராததும் பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறையே. 'பில் வேண்டுமானால் வரி சேர்த்துத் தர வேண்டும்' என்று சொல்லப்படும்போது நுகர்வோர் அறிந்திருக்க வேண்டியது இது: சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் பிரிவு 32, அச்சட்டத்தின்கீழ் பதிவு செய்யாத எவரும் வரி என்ற பெயரில் எத்தொகையும் வசூலிக்கக் கூடாது என்கிறது. வரி கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்பது நுகர்வோரின் உரிமை. பதிவு இல்லாதவரிடமிருந்தும் வரி சேர்க்காத ரசீதைப் பெறலாம்.

பேசாமல் செய்த கூடுதல் வேலை

தகராறுகளில் மிகக் கடினமானது, பேசியதற்கு மேல் செய்யப்பட்ட 'எக்ஸ்ட்ரா' வேலை. தரையை உடைத்தபோது அடியில் இருந்த பழைய குழாயும் இற்றுப்போயிருந்தது, அதையும் மாற்றியாயிற்று, அதற்குத் தனித் தொகை வேண்டும் என்று பிளம்பர் கேட்கிறார். ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்குக் கூலி உண்டா என்ற கேள்விக்கு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 70 விடை தருகிறது. ஒருவர் சட்டப்படி இன்னொருவருக்காக ஒன்றை, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்து, மற்றவர் அதன் பயனைப் பெற்றிருந்தால், பயன் பெற்றவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் அண்ட் சன்ஸ் வழக்கில், அதிகாரிகள் கேட்டுக்கொண்டதால் ஓர் ஒப்பந்ததாரர் கட்டடங்களைக் கட்டித் தந்தார். ஆனால், சட்டம் கேட்கும் வடிவில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை. ஒப்பந்தம் செல்லாதபோதும், கட்டடங்களை ஏற்றுப் பயன்படுத்திய அரசு அதற்குரிய தொகையைத் தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்னொரு நுட்பமும் அத்தீர்ப்பில் உண்டு. செய்து தரப்பட்டதை ஏற்கவோ மறுக்கவோ பெறுபவருக்கு விருப்புரிமை இருக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டு அனுபவித்த பிறகே பொறுப்பு பிறக்கிறது. ஒருவர் தலையில் அவர் விரும்பாத வேலையைக் கட்டிவிட்டுக் கூலி கேட்க இப்பிரிவு வழிசெய்யவில்லை.

வீட்டு வேலைகளுக்கு இதைப் பொருத்தினால் கிடைக்கும் நெறி எளிது. கூடுதல் வேலை நடப்பதைப் பார்த்துக்கொண்டே மௌனமாக இருந்துவிட்டு, முடிந்த பிறகு 'நான் கேட்கவில்லையே' என்று சொல்லும் வீட்டுக்காரரின் பக்கம் வலுவாக இருக்காது. கேட்காமல், சொல்லாமல், தடுக்க வாய்ப்பே தராமல் செய்துவிட்டுத் தொகை கேட்பவரின் பக்கமும் அப்படியே. எந்தக் கூடுதல் வேலையையும் தொடங்கும் முன் தொகையைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்று முதலிலேயே பேசி வைப்பது இரு தரப்பையும் காக்கும்.

பொருளைப் பிடித்து வைத்தலும் எதிர்ப்புடன் செலுத்துதலும்

பழுதுபார்க்கக் கொடுத்த மோட்டாரையோ, டிவியையோ, இருசக்கர வாகனத்தையோ, கேட்ட தொகையைத் தந்தால்தான் திருப்பித் தருவேன் என்று கடைக்காரர் சொல்லும்போது, அவருக்கு அந்த உரிமை உண்டா என்று பலரும் திகைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்டு. ஒரு பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலவிட்டு வேலை செய்தவர், உரிய கூலி கிடைக்கும்வரை அதைத் தன் வசம் வைத்திருக்கலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை பொற்கொல்லர் வைத்துக்கொள்ளலாம் என்றும், தைத்தவுடன் தருவதாகவும் பணத்துக்கு 3 மாதத் தவணை தருவதாகவும் வாக்களித்த தையற்காரர் துணியைப் பிடித்து வைக்க முடியாது என்றும் அச்சட்டமே விளக்கம் தருகிறது.

இவ்வுரிமை 'உரிய' கூலிக்கு மட்டுமே. மனம் போன தொகைக்கு அல்ல. 2,000 ரூபாய்க்குப் பேசிவிட்டு 5,000 ரூபாய் தந்தால்தான் பொருள் வெளியே வரும் என்று சொன்னால், பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்து நெருக்குவது என்ற நிலைக்கு அது நகர்கிறது. நெருக்கடியில் செலுத்திய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பிரிவு 72 சொல்கிறது. சரக்கை விடுவிக்க ரயில் நிறுவனம் சட்டத்துக்குப் புறம்பான கட்டணம் கேட்க, வேறு வழியின்றிச் சரக்குக்கு உரியவர் அதைச் செலுத்தினால், அதில் அளவுக்கு மீறிய பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது அப்பிரிவின் எடுத்துக்காட்டு. அவசரத்துக்குப் பணத்தைக் கொடுத்துப் பொருளை மீட்பதால் உரிமை அழிந்துவிடுவதில்லை. செலுத்தும்போதே 'இத்தொகையை ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்ப்புடன் செலுத்துகிறேன்' என்று ரசீதிலோ குறுஞ்செய்தியிலோ பதிவு செய்ய வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், கேட்ட தொகையை மனமொப்பிக் கொடுத்ததாகவே எதிர்த் தரப்பு வாதிடும்.

சரியாகச் செய்யாத வேலை

முன்பணம் வாங்கிக்கொண்டு வீட்டை ஒரு குறிப்பிட்ட முறையில் பழுதுபார்ப்பதாக ஒப்புக்கொண்ட ஒருவர், ஒப்புக்கொண்டபடி செய்யவில்லை என்றால், அந்த வேலையை ஒப்பந்தப்படி ஆக்குவதற்கு ஆகும் செலவை வீட்டுக்காரர் அவரிடமிருந்து பெறலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 73-இன் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. மோசமாகக் கட்டியதால் இடிந்து விழுந்த வீட்டுக்கு, மறுபடி கட்டும் செலவையும் இழந்த வாடகையையும் கட்டியவரே தர வேண்டும் என்று இன்னோர் எடுத்துக்காட்டு பேசுகிறது. வாடகைக்கு விடும் ஏற்பாடு அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது அங்கே முக்கியம். எந்தத் தேதிக்குள், எதற்காக வேலை முடிய வேண்டும் என்பதை முதலிலேயே தெரிவித்திருந்தால், தாமதத்தால் வரும் இழப்பையும் கேட்கும் உரிமை பலப்படுகிறது. காலம் குறிக்கப்படாதபோது, நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பிரிவு 46 சொல்கிறது.

உரிமை இருப்பது வேறு, அதை மெய்ப்பிப்பது வேறு. குறைபாடு இருக்கிறது என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று ரவ்னீத் சிங் பக்கா எதிர் கே.எல்.எம். விமான நிறுவனம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஒழுகும் மாடியைக் கோபத்தில் வேறோர் ஆளை வைத்து உடனே சரிசெய்துவிட்டால், முதல் ஆளின் குறைபாட்டுக்கான சான்றும் அதோடு அழிந்துபோகிறது. முதலில் குறையை எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய நியாயமான கெடு தந்து, தேதியுடன் படங்கள் எடுத்து, தகுதி பெற்ற பொறியாளரிடமோ அதே தொழில் செய்யும் வேறொருவரிடமோ எழுத்தில் கருத்துப் பெற்று, கழற்றப்பட்ட பழைய பாகங்களையும் பத்திரப்படுத்திய பிறகே மறுவேலையைத் தொடங்குவது முறை. தன் இழப்பைக் குறைத்துக்கொள்ளத் தனக்கு இருந்த வழிகளை நுகர்வோர் பயன்படுத்தினாரா என்பதையும் சட்டம் பார்க்கும். ஒழுகலைத் தெரிந்தே விட்டுவைத்து, கெட்டுப்போன மரச்சாமான்கள் அனைத்துக்கும் ஈடு கேட்க முடியாது.

மின் வேலையில் இன்னொரு கவனமும் தேவை. மின் பாதுகாப்பு விதிகள் மின் நிறுவல் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே செய்ய வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் அவ்வுரிமங்களையும் கம்பியாளர் தகுதிச் சான்றுகளையும் மின் உரிமம் வழங்கும் வாரியம் வழங்குகிறது. உரிமம் பெற்றவரிடம் வேலையைத் தருவது உயிருக்குப் பாதுகாப்பு. பின்னர் எழும் தகராறில் பொறுப்பை நிறுவவும் அது துணை.

ஆணையத்தின் வாசல்

பேச்சு தோற்ற பிறகு செல்லக்கூடிய முதல் படி, 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையம். தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, சமரசத்துக்கு முயலும். அடுத்து, தொகையையும் காரணத்தையும் கெடுவையும் தெளிவாகக் குறித்து, பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்புவது வழக்கம். அதற்கும் பயனில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2021 டிசம்பரில் வந்த விதிகளின்படி, சேவைக்காகச் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ஆகவே வீட்டுப் பழுதுகள் சார்ந்த வழக்குகளில் ஏறக்குறைய எல்லாமே மாவட்டத்திலேயே அடங்கிவிடும். 5 லட்சம் ரூபாய்வரை செலுத்தியவருக்குப் புகார்க் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். புகார் தருபவர் தாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி.

வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. எதிர்த் தரப்பு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், மேலும் 15 நாட்கள்வரை நீட்டிக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. பரிசோதனை தேவைப்படாத வழக்குகளை 3 மாதங்களுக்குள்ளும், தேவைப்படுபவற்றை 5 மாதங்களுக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் வழக்குகள் அதைவிட நீளுகின்றன. விசாரணை பெரும்பாலும் பிரமாண வாக்குமூலங்களையும் ஆவணங்களையும் கொண்டே நடப்பதால், வாட்ஸ்அப்பில் பேசிய தொகையும், வங்கி வழியாகச் செலுத்திய அட்வான்சும், ஒரு துண்டுக் காகிதத்தில் மேஸ்திரி கைப்பட எழுதிய கணக்கும் நீண்ட வாதங்களைவிட மதிப்புள்ளவையாகின்றன. ஆணையத்தின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டுகள்வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 72 அதிகாரம் தருகிறது.

செயலி வழியாக ஆளை அமர்த்தும்போது நிலைமை சற்றே மாறுகிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, அத்தகைய நிறுவனம் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 1 மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் குறைந்த தொகையைக் காட்டிவிட்டுக் கடைசி நேரத்தில் கட்டணங்களைச் சேர்ப்பதையும், கேட்காத சேவையைக் கணக்கில் நுழைப்பதையும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. ஆனால், செயலிக்கு வெளியே, வந்த பணியாளரிடமே தனியாகப் பேசி வேலையை முடித்துக்கொள்பவர் இந்தப் பாதுகாப்பைக் கைவிடுகிறார்.

நம் சட்டத்தில் இல்லாத ஒரு விதி

வேறு சில நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிட்டால், இந்தியச் சட்டம் எங்கே மௌனமாக இருக்கிறது என்பது புலப்படும். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், தொகை முன்கூட்டிப் பேசப்படாதபோது நுகர்வோர் நியாயமான தொகையை மட்டுமே தர வேண்டும், அதற்கு மேல் தரத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வேலை சரியில்லை என்றால் முதலில் மறுபடி செய்து தரக் கேட்கும் உரிமையையும், அது நடக்காதபோது தொகையைக் குறைக்கும் உரிமையையும் வரிசைப்படுத்தித் தருகிறது. ஜெர்மனியின் குடிமைச் சட்டத் தொகுப்பு, உத்தேச மதிப்பீடு கணிசமாகத் தாண்டப்படும் என்று தெரிந்தவுடனே வேலை செய்பவர் அறிவிக்க வேண்டும், வேலை கொடுத்தவர் அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தந்த எஸ்டிமேட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பிட்டது. கலிபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தத்துக்கு வாங்கும் முன்பணம் பொதுவாக 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது.

இவற்றில் எந்த விதியும் கூலியை அரசு நிர்ணயிக்கும் விதி அல்ல. கூலி எவ்வளவு என்பதை அவை சந்தைக்கே விட்டுவிடுகின்றன. அது எப்போது, எப்படித் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதை மட்டும் ஒழுங்குபடுத்துகின்றன. இந்தியச் சட்டம் பில்லைப் பற்றிப் பேசுகிறது. பில்லுக்கு முன் வர வேண்டிய மதிப்பீட்டைப் பற்றிப் பொதுவான விதி எதையும் வகுக்கவில்லை. வேலை முடிந்த பிறகு தரப்படும் காகிதத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, வேலைக்கு முன் தரப்பட வேண்டிய காகிதத்தை விருப்பத்துக்கு விட்டிருப்பது, கட்டணத் தகராறுகளின் தோற்றுவாயைத் திறந்தே வைத்திருப்பதாகும்.

வேலை செய்பவரின் பக்கம்

நுகர்வோர் உரிமை பற்றிய எந்த ஆய்வும் மறுபக்கத்தைப் பாராமல் முடியக் கூடாது. பெரிய கட்டுமான நிறுவனத்துக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே வலிமை நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே அது பலமுறை வீட்டுக்காரரின் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு 1982-ஆம் ஆண்டிலேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் வழியில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் வந்தது. ஆனால், செய்த வேலைக்குக் கடைசித் தவணை கிடைக்காத மேஸ்திரி நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியாது. அவர் நுகர்வோர் அல்லர். குடிமை நீதிமன்றத்தில், வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர்வதே அவருக்குரிய வழக்கமான வழி. அதன் செலவும் காலமும் பல நேரங்களில் நிலுவைத் தொகையைவிடப் பெரிது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக மக்கள் நீதிமன்றத்தில், வழக்குக்கு முந்தைய கட்டத்திலேயே, கட்டணமின்றிச் சமரசம் காணும் வாய்ப்பு இருவருக்கும் உண்டு. சிறு தொகைகளுக்கு அதுவே ஏற்ற இடம்.

வேலை கொடுப்பவருக்கும் கடமை உண்டு என்பதை 1872-ஆம் ஆண்டுச் சட்டம் மறக்கவில்லை. வீட்டில் எந்தெந்த இடம் பழுது என்று காட்ட மறுக்கும் உரிமையாளர், அதனால் வேலை நடக்காமல் போனதற்குப் பழுதுபார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது என்று பிரிவு 67 எடுத்துக்காட்டோடு சொல்கிறது. நடுவில் டைல்ஸை மாற்றுவது, சுவரின் இடத்தை மாற்றுவது, பிறகு பேசிய தொகைக்கே முடிக்கச் சொல்வது ஆகியவை உரிமைகள் அல்ல. தகராறு உள்ள பகுதிக்கான தொகையை மட்டும் நிறுத்தி, தகராறு இல்லாத வேலைக்கான கூலியை உடனே தந்துவிடுவது சட்டப்படியும் நுகர்வோரின் நிலையை வலுவாக்கும். அன்றாடக் கூலியில் வாழும் சித்தாளின் குடும்பம் இருவரது தகராறுக்கும் விலை கொடுக்காமலும் காக்கும்.

ஆகவே, செய்யப்பட வேண்டியது இரண்டு நிலைகளில் உள்ளது. குடும்பங்களின் நிலையில், வேலையின் எல்லை, தொகை கணக்கிடும் முறை, சாமான்களின் பெயரும் தரமும், முன்பணமும் தவணைகளும், முடியும் தேதி, கூடுதல் வேலைக்கு முன் ஒப்புதல் ஆகிய ஆறையும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுவதைப் பழக்கமாக்க வேண்டும். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்றாலும், அதை மெய்ப்பிக்கும் சுமை யாருக்கும் எளிதல்ல. அரசின் நிலையில், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட எல்லாப் பழுதுநீக்க, சீரமைப்பு வேலைகளுக்கும் எழுத்து மதிப்பீட்டைக் கட்டாயமாக்கி, அதைத் தாண்டும் முன் அறிவிக்க வேண்டும் என்ற விதியை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வகுக்க வேண்டும். அதற்கான எளிய தமிழ்ப் படிவத்தை நல வாரியங்களின் வழியாகத் தொழிலாளர்களின் கையிலேயே சேர்க்க வேண்டும். அந்தப் படிவம் வீட்டுக்காரருக்கு எவ்வளவு சான்றோ, அவ்வளவு சான்று கடைசித் தவணைக்காகக் காத்திருக்கும் மேஸ்திரிக்கும் ஆகும்; இரு தரப்புக்கும் ஒரே காகிதம் காவலாக நிற்கும் என்பதே இந்த விதியைக் கேட்பதற்கான வலுவான நியாயம்.